அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு வீட்லயே ரோலர்ல பெயிண்ட் அடிக்கப் போறேன், திட்டுறவங்க திட்டலாம்

ஹெரால்டுகாரன் (கோயமுத்தூர்)

வணக்கமுங்க. ரொம்ப நாளா இந்த ஃபோரம்ல படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பத்தான் மொதல்ல எழுதுறேன், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

வண்டி 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், ரெண்டு கதவு, 948 சிசி, நம்ம வண்டலூர் பக்கம் ஃபேக்டரில செஞ்சது. அப்பா 1979-ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாரு. 2004-க்கு அப்புறம் மாட்டுக்கொட்டாய்ல தார்பாய் போத்தி நின்னதுதான், அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு, அம்மா "ஒண்ணு ஓட்டு இல்ல வித்துத் தொலை"ன்னுட்டாங்க.

ஒரு பட்டறைல விட்டேன். நாலு மாசம் வச்சிருந்து துருவ சுரண்டக்கூட இல்லாம அது மேலயே பட்டி (பள்ளத்த நிரப்புற பசை) வச்சு அப்பி பிரைமர் அடிச்சு குடுத்தாங்க. வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு மழை பெஞ்சதும் கதவு அடில கொப்புளம் கொப்புளமா எந்திரிச்சுது, நகத்தால கிள்ளினா அப்படியே கையோட வருது. இன்னொரு இடத்துல கேட்டா 1,40,000 ரூபா, ஆறு மாசம் ஆகும்னாங்க. அதான் நானே பண்ணிக்கலாம்னு இறங்கிட்டேன்.

என் பிளான் சிந்தடிக் எனாமல், நாலு இஞ்சு ஃபோம் ரோலர், கூட ஒரு நல்ல பிரஷ். கம்ப்ரசர் வாடகைக்கு எடுத்து ஸ்ப்ரே அடிக்கலாம்தான், ஆனா பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கு, எனக்கு ஸ்ப்ரே கன்னும் பிடிச்சுப் பழக்கமில்ல. யாராவது இப்படி அடிச்சிருக்கீங்களா?

ரெண்டாம்கியர் (சென்னை)

ரோலரா 😂 அப்படியே கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் சேத்து அடிச்சிருங்க பாஸ், மிச்சமாகும். சீரியஸா சொல்றேன், காசு சேரும் வரைக்கும் தார்பாய போட்டு மூடி வைங்க. பழைய வண்டிய கெடுக்காதீங்க.

கரூர்_பிரஷ்

ரெண்டாம்கியர் தம்பி சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நான் 31 வருஷம் பஸ் பாடி கட்டுற இடத்துல பெயிண்டரா இருந்தவன். ஆரம்பத்துல முழு பஸ்ஸும் கை பிரஷ்தான். அடிச்சு முடிச்ச பக்கவாட்டுல நின்னு மீசைய சரி பண்ணிக்குவோம், அந்த அளவுக்கு முகம் தெரியும். கன்னு வந்ததுக்கு அப்புறம் வேகம் வந்துச்சு, வேலை ஒண்ணும் ஒசந்துடல.

ஹெரால்டு தம்பிக்கு சொல்றேன். பெயிண்ட் டப்பாவ தொறக்கறதுக்கு முந்தி பழைய பெயிண்ட் என்னன்னு தெரிஞ்சுக்கணும். வெள்ளைத் துணில என்.சி. தின்னர் (டூகோ பெயிண்ட்ல கலக்கறது) நனைச்சு டிக்கி உள்பக்கம் யாருக்கும் தெரியாத இடத்துல தேய்ச்சுப் பாரு. துணில கலர் ஒட்டிக்கிட்டு பெயிண்ட் கரைஞ்சு வந்தா அது டூகோ. சுருங்கி நெளிஞ்சா எனாமல். ஒண்ணுமே ஆகலேன்னா சூட்டுல வச்ச பெயிண்டு இல்ல ஹார்டனர் போட்டது. எனாமல் மேல எனாமல் அடிக்கலாம், நல்லா காஞ்ச டூகோ மேலயும் எனாமல் அடிக்கலாம். ஆனா எனாமல் மேல மட்டும் தின்னர் கலந்த எதையும் கொண்டு போகாத. எதையும்னா எதையும்.

அப்புறம் அந்த பட்டறைக்காரன் வச்ச பட்டி மொத்தத்தையும் உரிச்சுத் தள்ளு. அதுக்கு மேல என்ன அடிச்சாலும் வீண்.

மரைகழண்டவன் (மதுரை)

பெயிண்ட் கெடக்கட்டும் அண்ணே. முன் வீல்ல கீழ ட்ரன்னியன் இருக்குல்ல, அதுக்கு என்ன போடுறீக, கிரீஸா ஆயிலா?

டீச்சர்_பத்மினி (திருச்சி)

நான் 1983 பத்மினி காருக்கு எங்க வீட்டு போர்ட்டிகோல வச்சு இதே மாதிரி ரோலர்ல அடிச்சவ, அதனால தைரியமா சொல்றேன், முடியும். ஆனா கரூர் ஐயா சொன்ன அந்த தின்னர் விஷயம் ஏன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி தப்பு நடக்காது, நான் கெமிஸ்ட்ரி எடுக்கிறவ, கொஞ்சம் லெக்சர் அடிப்பேன்.

டூகோ, அதாவது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர், அதுல தின்னர் ஆவியாப் போனதும் வேலை முடிஞ்சுது, வேற ரியாக்‌ஷன் எதுவும் கிடையாது. அதனாலதான் இருபது வருஷம் கழிச்சும் தின்னர் பட்டா திரும்பக் கரையுது. பிரஷ்ல அடிக்கிறதுக்கு அது ஒத்துவராததுக்கும் அதான் காரணம், ரெண்டாவது கோட்டு போடும்போது பிரஷ்ஷே கீழ்க்கோட்ட கரைச்சு இழுத்துட்டு வந்துடும், ஃபோம் ரோலர்னா ரோலரே கரைஞ்சு கூழாயிடும். எனாமல் அப்படி இல்ல, டர்பன்டைன் போனதுக்கு அப்புறம்தான் அசல் வேலையே ஆரம்பிக்குது, காத்துல இருக்கிற ஆக்சிஜன இழுத்து இழுத்து மெதுவா இறுகும். தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள வாரக்கணக்குல பச்சையா இருக்கும். அந்த நேரத்துல ஸ்ட்ராங்கான தின்னர் பட்டா ஊறி உப்பி சுருங்கிடும்.

இன்னொண்ணு, தடிமனா அடிச்சீங்கன்னா மேல மட்டும் தோல் கட்டிடும், அடில ஆக்சிஜன் போகாது. எட்டு கோட்டு மெல்லிசா அடிங்க, ரெண்டு கோட்டு தடிமனா வேண்டாம்.

டூகோங்கிறதே ஒரு பிராண்டு பேருதான் தெரியுமோ, 1923-ல அமெரிக்காவுல டூபான்ட் கொண்டு வந்தது. ஓக்லண்ட்னு ஜெனரல் மோட்டார்ஸோட ஒரு கார், அதுலதான் மொதல்ல நீலக் கலர்ல போட்டாங்க. அதுக்கு முன்னாடி காருங்களுக்கு பிரஷ்லதான் பூசி வாரக்கணக்குல காய வச்சிருக்காங்க. பேரு நம்ம ஊர் பட்டறை வரைக்கும் வந்து இன்னைக்கும் எந்த ஸ்ப்ரே பெயிண்டுக்கும் டூகோன்னுதான் சொல்றோம்.

ரெண்டாம்கியர்

அப்போ ஹார்டனர் போட்ட பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டையே ரோலர்ல அடிச்சா என்ன? ஷைனிங் நிக்குமே.

டீச்சர்_பத்மினி

நிக்கும். ஆனா அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. ஸ்ப்ரே அடிச்சா அந்த மூடுபனி நுரையீரலுக்குள்ள போய் ஆஸ்துமாவக் கொண்டு வரும், துணி மாஸ்க் எதுவும் தாங்காது, வெளிக்காத்த ட்யூப்ல குடுக்கிற மாஸ்க் வேணும். ரோலர்ல ஆபத்து கம்மிதான், இருந்தாலும் பக்கத்துல கைக்குழந்தை இருக்குன்னு அவரே சொல்றாரு. வேண்டாமே.

பழைய பெயிண்ட உப்புத்தாள்ல தேய்க்கும்போதும் அதே ஜாக்கிரதை வேணும் தம்பி. அந்தக் காலத்து பெயிண்ட்ல ஈயம் இருக்கும். நம்ம நாட்ல வீட்டு பெயிண்ட்ல 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல ஈயம் கூடாதுங்கிறதே 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. தண்ணி போட்டே தேய்ங்க, புழுதி பறக்கக் கூடாது, அந்தத் தண்ணியும் தோட்டத்துப் பக்கம் போகாம பாத்துக்கோங்க.

ஹெரால்டுகாரன்

எல்லாருக்கும் நன்றிங்க. தின்னர் டெஸ்ட் பண்ணிட்டேன். டிக்கி உள்பக்கம் கரைஞ்சு வருது, டூகோ. வெளிப்பக்கம் மேல இருக்கிற லேயர் சுருங்குது, அப்போ நடுவுல எப்பவோ அப்பா யாரையோ வச்சு எனாமல் அடிச்சிருக்காரு போல. அம்மாகிட்ட கேட்டா "உங்கப்பாவே ஒரு தீவாளிக்கு பிரஷ்ஷ எடுத்துட்டு உக்காந்தாரு"ங்கறாங்க! எனக்கு அது தெரியவே தெரியாது.

அசல் கலர் என்னன்னு குழப்பமா இருந்துச்சு. டேஷ்போர்டுல பொட்டி மூடிய கழட்டினா அதுக்குப் பின்னாடி வெயிலே படாத ஒரு உள்ளங்கை அளவு இடம், இளநீலம், வானம் தெளிஞ்ச மாதிரி. அந்த மூடியவே பெயிண்ட் கடைக்குக் கொண்டு போய் மிஷின்ல கலர் கலந்து வாங்கிட்டேன், மூணு லிட்டர்.

பட்டி எல்லாம் உரிச்சாச்சு. வலது கதவு அடி ரெண்டு விரல் அகலத்துக்கு சல்லடை. இந்த வண்டில ஒரு சௌகரியம், சேசிஸ் தனி பாடி தனி, பாடியே துண்டு துண்டா போல்ட்ல நிக்குது. கதவு, பானெட், டிக்கி எல்லாம் ஒத்தையாளா கழட்டி கயித்துக் கட்டில் மேல போட்டு வேலை பாக்கறேன். பானெட் முன்பக்கமா ஃபெண்டரோட சேந்து மொத்தமா தூக்கிக்கும், ரெண்டு பக்கமும் கொக்கிய விட்டா போதும், அப்புறம் டயர் மேலயே உக்காந்து எஞ்சின் வேலை பாக்கலாம். சின்ன வயசுல அப்பா அப்படித்தான் உக்காந்திருப்பாரு, நான் எதிர் டயர்ல உக்காந்து ஸ்பேனர் எடுத்துக் குடுப்பேன்.

கதவு ஓட்டைக்கு டிங்கர் வேலை பாக்கிற ஒரு பெரியவர வீட்டுக்கே கூட்டிட்டு வந்து 20 கேஜ் தகட்ல பேட்ச் வச்சு கேஸ் வெல்டிங் பண்ணியாச்சு. பெட்ரோல் டேங்க கழட்டி வீட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் வச்சாத்தான் டார்ச்ச பத்த வைப்பேன்னாரு, எனக்கு அந்த ஒரு வார்த்தைலயே அவர் மேல மரியாதை வந்துருச்சு.

மரைகழண்டவன்

ட்ரன்னியன்?

கரூர்_பிரஷ்

கேஸ் வெல்டிங் வச்ச இடத்துல உள்பக்கம் துரு பிடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சியா? வெளிய பளபளன்னு அடிச்சுட்டு உள்ள விட்டா ரெண்டு மழைக்காலம்தான். கதவு அடில தண்ணி வடியறதுக்கு சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அத பட்டில அடைச்சுடாத, எல்லாரும் பண்ற தப்பு. கதவு துருப்பிடிக்கறதே அது அடைஞ்சு போயித்தான்.

டீச்சர்_பத்மினி

பட்டியும் பாத்து போடுங்க. ஹார்டனர் கலந்து போடுற பாலியஸ்டர் பட்டிய தண்ணி போட்டு தேய்க்கவே கூடாது, பஞ்சு மாதிரி தண்ணிய குடிச்சு வச்சுக்கும், மேல பெயிண்ட் மூடினதும் அந்தத் தண்ணி போக வழியில்லாம அடில இரும்பத் திங்கும். உங்களுக்கு ஏற்கனவே வந்த கொப்புளத்துல பாதி அதாத்தான் இருக்கணும். பட்டி மட்டும் காய்ஞ்ச மேனிக்கு மாஸ்க் போட்டு தேய்ங்க, பிரைமர் மூடினதுக்கு அப்புறம் தண்ணி.

யாழ்_மைனர் (யாழ்ப்பாணம்)

இந்த இழைய வாசிக்க எனக்கு எங்கட அப்பப்பான்ர மொறிஸ் மைனர் ஞாபகம் வருது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம், பெற்றோல் ஒரு போத்தல் வாங்கிறதெண்டாலே பெரிய பாடு. கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஒரு சின்னப் போத்தலில கொஞ்சம் பெற்றோல் வச்சிருந்து காபரேற்றருக்க துளித்துளியா விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. றோட்டில போனா பின்னால வெள்ளைப் புகை, சமையலறை மணம்.

பெயின்ற் எங்க வாங்கிறது? எங்கட வாசிகசாலைக் கேற்றுக்கு அடிச்சு மிஞ்சின பச்சை எனாமல் அரைத் தகரம் கிடந்தது, அப்பப்பா அதை எடுத்து ஒரு கிழமையா முத்தத்து மாமர நிழலில வச்சு பிரஷ்ஷால அடிச்சவர். நாங்கள் சின்னப் பெடியள், வாசிகசாலை வருகுது எண்டு பகிடி பண்ணுவம். அந்தக் கார் இப்பவும் நிக்குது, அந்தப் பச்சை இன்னும் போகேல்லை. வடிவு எண்டு சொல்ல ஏலாது, ஆனா இரும்பு உக்கேல்லை. நீங்கள் அடியுங்கோ தம்பி.

ரெண்டாம்கியர்

வாசிகசாலை வருகுது 😄 சரி நான் வாய மூடிக்கிறேன்.

ஹெரால்டுகாரன்

முதல் நாலு கோட்டு முடிஞ்சுது. என்ன பண்ணினேன்னு விவரமா எழுதறேன், பின்னாடி யாருக்காவது ஆகும்.

காலைல ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒம்பது மணிக்குள்ள முடிச்சுருவேன். வெயில் ஏறி தகடு சூடாயிடுச்சுன்னா பெயிண்ட் வழுக்கிட்டுப் போகாம ரோலர்ல இழுக்குது, ஓரம் காஞ்சு அடுத்த பட்டையோட சேராம கோடு விழுது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தரைல தண்ணி தெளிச்சு விட்டுருவேன், புழுதி கிளம்பாது. டர்பன்டைன் எவ்வளவு கலக்கறதுன்னு முதல்ல அளவு தெரியல, இப்ப ஒரு கணக்கு வச்சிருக்கேன், குச்சிய முக்கித் தூக்கினா காய்ச்சாத பால் மாதிரி ஒழுகணும், தயிர் மாதிரி நின்னா இன்னும் கொஞ்சம் ஊத்தணும். ரோலர்ல மெல்லிசா உருட்டினதும் குட்டிக் குட்டியா குமிழ் வரும், உடனே வெறும் பிரஷ் நுனியால, பெயிண்ட் தொடாம, பூனை முதுக தடவுற மாதிரி ஒரே திசைல இழுத்து விட்டா குமிழ் உடைஞ்சுரும். முதல் கோட்டு பாத்தா பயமா இருக்கும், அடில இருக்கிற பிரைமர் எல்லாம் தெரியும், அம்மா வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க. பயந்து இன்னும் கொஞ்சம் அப்பிடக் கூடாது. ஒரு நாள் விட்டு அடுத்த கோட்டு, ரெண்டு கோட்டுக்கு ஒருக்கா 600 நம்பர் வாட்டர் பேப்பர்ல சோப்புத் தண்ணி போட்டு லேசா.

இப்ப என் தப்புக்கு வரேன். இடது கதவுல நாலாவது கோட்டு போட்டு நாலு நாள் ஆனதும் கைப்பிடிக்குக் கீழ ஒரு சின்னக் குழி கண்ணுக்குத் தெரிஞ்சுது. வீட்ல என்.சி. பட்டி ட்யூப் ஒண்ணு கெடந்துச்சு. கரூர் ஐயா எதையும்னா எதையும்னு எழுதினது மண்டைல இருந்துச்சு, ஆனா பட்டிய நான் தின்னர் கணக்குல சேக்கல, பட்டி வேற தின்னர் வேறன்னு நெனச்சுட்டேன். ஒரு விரல்ல தடவினேன். டீ குடிச்சுட்டு வந்து பாத்தா சுத்தியும் ஒரு சாண் அளவுக்கு பால் ஆடை மாதிரி சுருங்கி நிக்குது. அப்படியே திண்ணைல உக்காந்துட்டேன்.

கரூர்_பிரஷ்

பட்டியக் கரைச்சு வச்சிருக்கறதே அந்தத் தின்னர்தான் சாமி. சரி போகுது, கையில இருந்தா நாலு தப்பு வரும். இப்ப தொடாத. ஒரு வாரம் வெயில்ல அந்தக் கதவ காய விட்டுட்டு, சுருங்கினத உப்புத்தாள்ல தேய்ச்சு எடு, விளிம்பு கைல தட்டக் கூடாது, சரிவா இறங்கணும். கண்ண மூடிக்கிட்டு உள்ளங்கைய வச்சுப் பாரு, கண்ண விட கை சொல்லும். அப்புறம் எனாமலுக்கு ஒத்துக்கற பிரைமர் மேல வச்சு திரும்ப மூணு கோட்டு.

கோட்டு எப்ப முடிப்ப? ஆடி பொறந்துட்டா உங்க ஊர்ல பாலக்காட்டுக் காத்து சும்மா விடாது, அடிச்ச பெயிண்ட்ல பாதி மண்ணுதான் இருக்கும்.

அம்பாசடர்_அடிமை (சென்னை)

காத்தாவது பரவால்ல. நான் ஒரு ஐப்பசி மாசம் மழை விட்ட கேப்புல அம்பாசடர் டிக்கிக்கு டூகோ ஸ்ப்ரே அடிச்சேன், கறுப்புக் கலரு, பத்து நிமிஷத்துல விபூதி பூசின மாதிரி வெளுத்துப் போச்சு. தின்னர் வேகமா ஆவியாகும்போது தகடு சில்லுன்னு ஆகி காத்துல இருக்கிற ஈரம் பெயிண்ட்லயே படிஞ்சுடுமாம். எங்க ஊர்ல தை, மாசி, பங்குனி மூணு மாசம்தான் பெயிண்ட் சீசன், அப்புறம் வேர்வையே சொட்டும்.

மரைகழண்டவன்

இங்க எல்லாரும் கலரப் பத்தியே பேசுறீக. அண்ணே நாலாவது தடவையா இல்ல மூணாவது தடவையா தெரியல, கேக்குறேன். முன் வீல் தாங்குற அந்த நட்டுக்குத்தா நிக்கிற இரும்பு, நம்ம மெக்கானிக்குக கிங்பின்னுதான் சொல்லுவாக, அது அடில மரை போட்டு பித்தளைக் கட்டைக்குள்ள இறங்கி நிக்குது, அந்தக் கட்டைதான் ட்ரன்னியன். ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரைலதான் திரும்புது. அதுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போடணும், கிரீஸ் கூடாது. கிரீஸ் போட்டா காஞ்சு வழிய அடைச்சுரும், உள்ள தண்ணி போயி மரை துருப்பிடிச்சு ஒரு நாள் ஒடிஞ்சுரும், வீல் மடங்கி வெளிய போயிரும். எங்க மாமா வண்டி அப்படித்தான், நல்ல வேளை கேட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுக்கும்போது.

ஹெரால்டுகாரன்

அண்ணா கோச்சுக்காதீங்க, கண்டிப்பா பாக்கறேன். இப்ப பெயிண்ட் முடியற நேரம், கைய மாத்தினா விட்டுப் போயிரும்.

ரெண்டாம்கியர்

நான் திட்டினதுக்குப் பரிகாரமா ஒரு தகவல். இளநீலம்னு ஆர்சி-ல இருக்கான்னு பாத்துக்கோங்க ஹெரால்டு. வேற கலர் போட்டிருந்தா ஆர்டிஓ-ல சொல்லி ஆர்சி-ல மாத்தி ஏத்தணும், இல்லேன்னா எஃப்சி-ல பிரச்சனை வரும்.

இன்னொண்ணு, 2021 ஜூலைல விண்டேஜ் வண்டிங்களுக்குன்னு தனி விதி வந்திருக்கு. 50 வருஷம் தாண்டின டூவீலரும் காரும், அசல் உருவம் மாறாம இருந்தா விண்டேஜ்னு பதிஞ்சுக்கலாம், ஏற்கனவே நம்பர் இருக்கிற வண்டினா பழைய நம்பரையே வச்சுக்கலாம், புதுசா பதியற வண்டிக்குத்தான் நடுவுல விஏ-ன்னு எழுத்து வரும். புதுசா பதிய 20,000, பத்து வருஷத்துக்கு. அதுக்கு அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனா ஷோ, ரேலி, பெட்ரோல் போட, சர்வீஸ்க்கு, இந்த மாதிரிக்குத்தான் ரோட்ல எடுக்கலாம், தினம் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் நோக்கம்னா சாதா ஆர்சியவே அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுட்டுப் போறது மேல்.

ஹெரால்டுகாரன்

இளநீலம்தாங்க ஆர்சி-ல. அம்மாவுக்கு மருதமலை போகணும், அதனால சாதா ஆர்சியே.

மொத்தம் எட்டு கோட்டு முடிஞ்சுது, ஆடிக்கு ஆறு நாள் முன்னாடி. கடைசிக் கோட்டு அன்னிக்கு முந்தின ராத்திரி மழை, காலைல எங்கிருந்தோ ஈசல் கெளம்பிருச்சு, பானெட்ல மூணு ஒட்டிக்கிச்சு. எடுக்கப் போனா இன்னும் கெட்டுப்போகும்னு விட்டுட்டேன். காஞ்சதுக்கு அப்புறம் 1000 பேப்பர்ல தேய்ச்சதுல ரெண்டு போயிருச்சு, மூணாவது ஹெட்லைட்டுக்குப் பக்கத்துல ஒரு றெக்கை மட்டும் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, வெயில் படும்போது மட்டும் மினுங்குது.

நாலு வாரம் சும்மா விட்டுட்டு 1500, 2000 போட்டு ரப்பிங் காம்பவுண்ட் போட்டேன். கதவோரத்துல கொஞ்சம் அதிகமா தேய்ச்சு பிரைமர் எட்டிப் பாத்துருச்சு, அங்க மட்டும் சின்ன பிரஷ்ல தொட்டு விட்டேன். கிட்டக்க குனிஞ்சு பாத்தா ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசா தெரியும். அஞ்சடி தள்ளி நின்னா தெரியாது. பட்டறைக்குக் குடுத்த அட்வான்ஸ தள்ளி எனக்கு இதுவரைக்கும் வெல்டிங் கூலியோட 14,000 சொச்சம். படமும் போட்டிருக்கேன்.

ஒரே ஒரு வயித்தெரிச்சல். பிரேக்ல காத்து எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பையன பெடல மிதிக்க உக்கார வச்சிருந்தேன், நான் பின்னாடி வீல்கிட்ட. பிரேக் ஆயில் டப்பா மூடி போடாம பானெட் தொறந்திருந்த இடத்துல வச்சது சாஞ்சு அந்த நீலத்து மேல ஊத்திருச்சு. ஓடிப்போய் துணில தொடைச்சேன், தொடைச்ச இடம் பூரா பெயிண்ட் துணியோட வந்துருச்சு.

டீச்சர்_பத்மினி

அச்சோ. துணி எடுக்கவே கூடாது, அது பரப்பி விட்டுடும். பிரேக் ஆயில் தண்ணில கரையும், உடனே ஒரு குடம் தண்ணிய சாய்ச்சிருந்தா பாதியாவது தப்பிச்சிருக்கும். பெயிண்ட் உரிக்கிற கெமிக்கல்ல பாதி வேலைய அதுவே செய்யும். இனிமே அந்த வேலை நடக்கும்போது பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வச்சுக்கோங்க.

டர்பன்டைன் துடைச்ச துணி எல்லாம் என்ன பண்றீங்க? சுருட்டி மூலைல போடாதீங்க, எனாமல் இறுகும்போது சூடு வரும், குவிச்சு வச்சா தானாவே தீப்பிடிக்கலாம். விரிச்சு கொடில காயப் போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

யாழ்_மைனர்

பாத்தனான் படத்தை. நல்ல வடிவா வந்திருக்கு. அந்த ஈசல் செட்டைய எடுக்காதேங்கோ.

கரூர்_பிரஷ்

கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல சந்து ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கே தம்பி, அத யாருமே சொல்லல. அதுதான் வேலை.

மரைகழண்டவன்

அண்ணே. மருதமலை மலைப்பாதை வளைவு எல்லாம் இருக்குல்ல. ட்ரன்னியன் பாத்தாச்சா.

ஹெரால்டுகாரன்

மதுரைக்காரண்ணா, நேத்து ஞாயித்துக்கெழமை பாத்தேன்.

கிரீஸ் அடிக்கிற நிப்பிள கழட்டினா அடில இருந்து கரிக்கட்டை மாதிரி கெட்டியா கிரீஸ், ஊசி வச்சு நோண்டினாத்தான் வருது. எத்தனை வருஷத்து கிரீஸோ. வலது பக்கம் மரை பரவால்ல. இடது பக்கம் கழட்டி மண்ணெண்ணெய்ல ஊற வச்சுத் தொடைச்சுப் பாத்தா மேல நாலு சுத்து பளபளன்னு இருக்கு, அதுக்குக் கீழ துரு தின்னு மரையே இல்ல, நகம் வச்சா ஒரு எடத்துல பள்ளம் உள்ள போகுது, சுத்தி மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு. டிங்கர் பெரியவர்கிட்ட காட்டினேன், கைல வாங்கிப் பாத்துட்டு தராசுத் தட்டுல வைக்கிற மாதிரி மெதுவா கீழ வச்சாரு, ஒண்ணுமே பேசல.

இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை ஒண்ணுக்கொண்ணு தலைகீழா, அதனால மாத்திப் போடவும் முடியாது. ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர்ங்கற இங்கிலாந்து காருக்கும் இதே சாமான்தான்னு தேடிப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன், இங்கிலாந்துல இருந்து ரெண்டு பக்கத்துக்கும் சேத்தே வாங்கறேன். வர்ற வரைக்கும் வண்டி கொட்டாய்ல முன்பக்கம் மரக்கட்டை மேல நிக்குது. அம்மா தெனம் சாயங்காலம் போய் பின் சீட்ல உக்காந்துட்டு வராங்க.

90 நம்பர் ஆயில் அரை லிட்டர் வாங்கி வச்சுட்டேன். கிரீஸ் கன்லயே ஊத்தி அடிக்கலாமா இல்ல தனி கன் வேணுமா அண்ணா?

மரைகழண்டவன்

பழைய கன்ன நல்லா கழுவிட்டு அதுலயே ஊத்தி அடிங்க. மேல ரப்பர்கிட்ட ஆயில் கசியற வரைக்கும் அடிக்கணும், முன்னாடி வீல தூக்கி வச்சுக்கிட்டு ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி. பெயிண்ட் மேல சொட்டாம கீழ சாக்க விரிச்சுக்கோங்க.